பாதிக் கம்பளமும் முழுச் சட்டமும்

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் ஒல்ஷின்கா ஊரில் இனி எவனும் வாசல் மணியை அடித்து எதையும் விற்கக் கூடாது என்று தீர்மானித்தேன். ஊசி, உப்பு, மின்சார ஒப்பந்தம், மோட்சம், எதுவும் கூடாது.

என் பெயர் அலோய்ஸ் மகோவெட்ஸ். ஊர் ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். நான் கையைத் தூக்கினால் ப்ராக் எக்ஸ்பிரஸே நிற்கும். எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் வழியாக வருவதில்லை. வந்திருந்தால் நின்றிருக்கும். அதோடு நான் நகர்மன்ற உறுப்பினர். மன்றத்தில் ஒன்பது பேரில் ஒருவன், வீட்டில் இரண்டு பேரில் ஒருவன். கணக்குப்படி வீட்டில்தான் என் பலம் அதிகமாக இருக்க வேண்டும். கணக்கை நம்பி வாழ்ந்தவர்கள் நிறையப் பேர் கெட்டுப்போயிருக்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் பிளம் மரத்தடியில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். கையுறை எடுக்க வீட்டுக்குள் வந்தேன். என் மனைவி ஹெட்விகா சோபாவில் காபிக் கோப்பையோடு சாய்ந்திருந்தாள். அவள் காலடியில் கோட்டும் டையும் போட்ட ஒருத்தன் மண்டியிட்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான்கூட அப்படி மண்டியிட்டதில்லை. முழங்கால் வலி என்று நின்றபடியே கேட்டுவிட்டேன்.

"யாரு இது?"

"திரு. டுஷெக். தூசி உறிஞ்சற மெஷின் விக்கிறவர்."

அவன் மண்டியிட்டபடியே எனக்கு வணக்கம் சொன்னான். பிறகுதான் அவன் கையில் இருந்த குழாயும், பக்கத்தில் பன்றிக்குட்டி போல உட்கார்ந்திருந்த மெஷினும் என் கண்ணில் பட்டன.

"நாம மெஷின் வாங்கறோமா?"

"காட்டறார். பாத்துட்டுத்தானே சொல்ல முடியும்."

டுஷெக் என் சாய்வு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தான். ரெண்டு இழுப்பு இழுத்தான். மெஷினின் வயிற்றைத் திறந்து, ஒரு கறுப்புத் துணியில் கொட்டினான். ஒரு சாம்பல் குன்று எழுந்தது.

"ஐயா தினமும் உக்கார்ற நாற்காலிங்களா?"

"ஆமா."

"தூசியில பெரும்பங்கு மனுஷத் தோல்தாங்க."

ஹெட்விகா எட்டிப் பார்த்தாள். "லோய்ஸா, நீ இளைச்சிருக்கேன்னு நினைச்சேன். இங்கதான் இருக்கே."

இருவரும் சிரித்தார்கள். என் வீட்டில், என் தோலை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தன் சிரிக்கிறான். அதற்குள் அவன் நடுக்கூடத்துக் கம்பளத்தின் பாதியைச் சுத்தம் செய்து முடித்திருந்தான். அந்தப் பாதி இளஞ்சிவப்பாக இருந்தது. கல்யாணப் பரிசாக வந்த கம்பளம் அது. இத்தனை வருடமும் ராத்திரி வந்து விளக்கொளியில் பார்த்து, அதைப் பழுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"திரு. டுஷெக், நாங்க ஒண்ணும் வாங்கறதா இல்ல. கிளம்புங்க."

அவன் ஹெட்விகாவைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

"மீதிப் பாதி?" என்றாள் ஹெட்விகா.

"எந்த மீதி?"

"கம்பளம். பாதியில அனுப்பிட்டியே."

அவள் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், வெகுளி. பகலெல்லாம் நான் ஸ்டேஷனில் கிடந்த காலத்தில், இப்படி எத்தனை பேர் வந்து இவள் தலையில் மிளகாய் அரைத்தார்களோ.

"ஹெட்விகா, இவனுங்க உன்ன மாதிரி ஆளுங்களத்தான் குறி வைப்பானுங்க. இல்லைன்னு சொல்லத் தெரியாதவங்கள."

"எனக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாதா?"

"என்னைத் தவிர வேற யார்கிட்ட சொல்லியிருக்கே?"

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லி, காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் மதுக்கடையில் என் பக்கத்து வீட்டுக்காரன் ரோஸ்டாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ரோஸ்டாவும் மன்ற உறுப்பினர். எதற்கும் முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம்தான் கேள்வி கேட்பான்.

"போடு சட்டத்த. நான் கைய தூக்கறேன். என்ன சட்டம்?"

"வாசல் விற்பனைக்குத் தடை. நம்ம சந்தை விதிகள்ல ஒரு வரி சேத்தா போதும். எத்தனையோ ஊர்ல சேத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு. ஏப்ரல்லகூட எங்க வீட்டுல ஒருத்தன் மெஷினால ஜன்னல் கண்ணாடியில நீராவி அடிச்சிட்டிருந்தான். ஆனெஷ்கா பக்கத்துல நின்னு பாத்துட்டிருக்கா. எனக்கு மனசே சரியில்ல."

ரெண்டு பீருக்குள் நாங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டோம். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் தாளைப் பிரித்து, வரைவை உரக்கப் படித்துக் காட்டினேன்.

"விற்கும் நோக்கத்தோடு எவரும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது."

ஹெட்விகா சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "நானே கூப்பிட்டு வந்தா?"

"கூப்பிட்டாலும் கூடாது. அந்த ஓட்டை வழியாத்தான் அத்தனை பேரும் நுழைவானுங்க."

"என் வீட்டுக்கு யார் வரணும்னு சொல்ற உரிமை எனக்கு இல்லையா?"

"உன் உரிமையைக் காப்பாத்தத்தான் இந்தச் சட்டமே."

"எங்கிட்டேருந்தா?"

"சட்டம் பொதுவா யோசிக்கும் ஹெட்விகா. தனித்தனியா யோசிக்காது."

"நீ யோசிச்சியா?"

"ரயில்வேக்காரன் யோசிக்காம சிக்னல் போட மாட்டான்."

"சரி. உன் இஷ்டம்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவள் "உன் இஷ்டம்" என்று சொன்னபோதெல்லாம் ஏதாவது ஒன்று நடந்திருக்கிறது. ஒருமுறை அதைத் தொடர்ந்து என் மாமியார் எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கினார். ஆனால் அப்போது நான் சட்டம் இயற்றும் உற்சாகத்தில் இருந்தேன். அந்த உற்சாகத்தில் இருப்பவனுக்குக் காது வேலை செய்யாது.

அக்டோபர் மாத மன்றக் கூட்டத்தில் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை. ஒன்பது கைகளும் உயர்ந்தன. மேயரம்மா பார்வையாளர் வரிசையைப் பார்த்து, "யாராவது பேசணுமா?" என்று கேட்டார். பின்வரிசையில் ஹெட்விகாவும் ரோஸ்டாவின் மனைவி ஆனெஷ்காவும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். "விடு, பட்டாத்தான் தெரியும்" என்று ஆனெஷ்கா சொன்னது என் காதில் விழுந்தது. விற்பனைக்காரர்களைச் சொல்கிறாள் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

தடை அறிவிப்புப் பலகையை ஊர் எல்லையில் நானே நின்று மாட்டினேன். பஸ் நிறுத்தத்திலும் ஒன்று. என் வீட்டுக் கதவில், மணிக்கு மேலே, கொஞ்சம் பெரியதாக ஒன்று.

மணி ஓய்ந்தது. எங்கள் தெருவில் அப்படி ஓர் அமைதி. நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அந்த அமைதியை அனுபவித்தேன்.

முதல் வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும். எனக்குப் பிடித்ததுதான். இரண்டாம் வாரமும் ரொட்டி, கொழுப்பு, வெங்காயம். மூன்றாம் வாரம் கொழுப்பு தீர்ந்துபோனது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லா நாளும் பனிமூட்டமாகத் தெரிந்தது. வெளியே போய்ப் பார்த்தால் நல்ல வெயில். நிலவறையில் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் காலியாகக் கிடந்தது. நவம்பரில் எங்கள் வீட்டுப் பீப்பாய் காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நடுக்கூடத்துக் கம்பளம் பாதி இளஞ்சிவப்பும் பாதி பழுப்புமாக, இரண்டு நாடுகளின் எல்லை போலக் கிடந்தது. நான் பழுப்பு நாட்டில் குடியிருந்தேன்.

ஹெட்விகாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசைத் தேற்றலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேச்செடுத்தேன்.

"ஹெட்விகா, வருஷா வருஷம் இந்தச் சமயத்துல ஒரு முயல் கறி பண்ணுவியே. பூண்டு போட்டு, கீரையோட. அதை நினைச்சாலே நாக்கு ஊறுது."

"அது நான் பண்றதில்ல."

"பின்ன யாரு?"

"பாத்திரம் விக்கிறவர். ஓஸ்ட்ராவாலேருந்து வருவார். அடிப்பிடிக்காத சட்டின்னு காட்டறதுக்கு முயல் சமைப்பார். முயலும் அவரே கொண்டு வருவார்."

என் நாக்கில் ஊறிய நீர் அப்படியே நின்றது.

"வாத்து வறுவல்?"

"அதுவும் அவர்தான். அது பெரிய சட்டி."

"முட்டைக்கோஸ்?"

"துருவுற கட்டை விக்கிறவர் வந்து ஒரு பீப்பாய் துருவிப் போட்டுட்டுப் போவார். கொஞ்சமா துருவிக் காட்டினா எனக்குப் புரியாதுன்னு சொல்லிடுவேன்."

"ஜன்னலு?"

"ஆவி மெஷின்காரர்."

"மெத்தை? தலகாணி?"

"அதுக்கு ஒரு அம்மா வருவாங்க. இறகெல்லாம் பிரிச்சு உதறி அடைச்சுத் தருவாங்க. ரொம்ப சுத்தம்."

"கம்பளம் டுஷெக்."

"ஆமா. நீ பாதியில துரத்தினியே, அவர்தான்."

"இத்தனை வருஷத்துல ஒண்ணாவது வாங்கினியா?"

"எதுக்கு வாங்கணும்? வாங்கிட்டா அப்புறம் வர மாட்டாங்களே."

"அவங்களுக்குக் கோவம் வராதா?"

"அடுத்த தடவை நிச்சயம் வாங்கிடுவேன்னு நினைப்பாங்க. நான் மெஷினை ஆசையா தடவிப் பாப்பேன். வசந்த காலத்துல ஆனெஷ்கா வீடு, இலையுதிர் காலத்துல நம்ம வீடு. அவ தடவறது என்னைவிட நல்லா இருக்கும். கண்ணுல தண்ணியே வந்துடும் அவளுக்கு."

வெகுளி என்று நினைத்தேனே, அவளையா? இந்த மாவட்டத்து விற்பனைக்காரர்கள் அத்தனை பேரும் என் வீட்டில் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரையும் ஒரே கையெழுத்தில் வேலையை விட்டு நிறுத்தியவன் நான்.

"ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

அவள் பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. ஹெட்விகா குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அதுதான் அவளிடம் பயம்.

"நீ ஸ்டேஷன்ல உக்காந்து நாலு ரயிலைப் பாத்துட்டு, அலுத்துப்போய் வந்து நாற்காலியில சாய்வே. நான் மருந்துக்கடையில நாளெல்லாம் நின்னுட்டு வருவேன். இன்னிக்கும் நின்னுட்டுத்தான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல போயிடும். மிச்சம் செவ்வாய்க்கிழமை ஒருநாள் லீவு. அந்த ஒருநாள்ல கம்பளம், ஜன்னல், பீப்பாய், முயல் எல்லாம் நான் ஒருத்தியே பண்ணணும்னா எப்படி? நீ பண்ணல. அவங்க தானா வந்து மணி அடிச்சாங்க. கதவத் திறந்தேன்."

கம்பளத்தின் பழுப்புப் பாதியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சரி, இனிமே யார் இதெல்லாம் பண்றது?"

விளக்கம் கேட்டேன். விளக்குமாறு கிடைத்தது.

மறுநாள் காலை முட்டைக்கோஸ் துருவ உட்கார்ந்தேன். இரண்டாவது கோஸில் கட்டைவிரலையும் கொஞ்சம் சேர்த்தேன். மருந்துக்கடைக்காரி வீட்டில் இருப்பதில் ஒரு சௌகரியம், கட்டுப் போட வெளியே போக வேண்டியதில்லை. புதன்கிழமை ஜன்னல் துடைத்தேன். துடைத்த பிறகு தெரு நன்றாகத் தெரிந்தது. தெருவுக்கு நானும் நன்றாகத் தெரிந்தேன், கையில் துணியோடு. வியாழக்கிழமை படுக்கையறைக் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லைப்புறத்துக் கம்பியில் தொங்கவிட்டு, பிரம்புத் தட்டியால் அடிக்க ஆரம்பித்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் அடிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். புழுதி மேகத்துக்குள்ளிருந்து ரோஸ்டா வெளிப்பட்டான். தலையில் ஆனெஷ்காவின் பூப்போட்ட துணி கட்டியிருந்தான்.

"நீயுமா?"

"நான்தான் கைய தூக்கினேனே" என்றான். "தூக்கின கைய இன்னும் இறக்க விடல அவ."

"ரோஸ்டா, டிசம்பர் கூட்டத்துல இந்தச் சட்டத்தை ரத்து பண்ணிடலாம்."

"நான் கைய தூக்கறேன். என்ன சொன்னே?"

டிசம்பர் வரைக்கும் என் முதுகு தாங்காது. அதனால் ஒரு காரியம் செய்தேன். டுஷெக்கின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அடுத்த வியாழக்கிழமை காலை, ஹெட்விகா மருந்துக்கடையில் இருக்கும் நேரம், பின்பக்கத் தோட்டம் வழியாக வரச் சொன்னேன். மணியில் கை வைக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

சொன்னபடி வந்தான். பிளம் மரங்களுக்கு நடுவே, கோட்டும் டையும், கையில் மெஷினுமாக, குனிந்து குனிந்து வந்தான். ஈர மண்ணில் அவன் பூட்ஸ் புதைந்தது. சமையலறைக் கதவைத் திறந்து உள்ளே இழுத்தேன்.

"ஐயா, நாப்பது ஊர் சுத்தியிருக்கேன். திருடன் மாதிரி வந்து சுத்தம் பண்றது இதுதான் முதல் தடவை."

"அதெல்லாம் விடுங்க. கூடத்துக் கம்பளத்துல மீதிப் பாதிய முடிச்சுக் குடுங்க."

"வாங்கறதா இருந்தா காட்டறேன்."

"பாத்துட்டுத்தானே சொல்ல முடியும்."

டுஷெக் என்னைக் கனிவோடு பார்த்தான். "அதை அம்மா சொன்னா நம்பலாம் போல இருக்கும். உங்களுக்கு வரலைங்க ஐயா. மெஷினைத் தடவிக்கூடப் பாக்கலையே நீங்க."

மெஷினைத் தடவினேன். அவனுக்கு மனசு இளகவில்லை. இன்னும் ஆசையாகத் தடவினேன். கன்னத்தை அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தபோது முன்கதவு திறந்தது. ஹெட்விகா மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கூடத்தில் மூன்று பேர் நின்றோம். மெஷினைச் சேர்த்தால் நான்கு.

"வாங்க திரு. டுஷெக். காபி குடிக்கறீங்களா?"

"குடிப்பேங்க அம்மா."

அவள் காபி போட்டுக் கொடுத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"லோய்ஸா, உன் சட்டப்படி, விக்கிறவர் வீட்டுக்குள்ள வந்துட்டா யார்கிட்ட சொல்லணும்?"

"மேயர்கிட்ட."

"நம்பர் என்ன?"

அந்த எண் எங்கள் வீட்டில் என் ஒருவனுக்குத்தான் மனப்பாடம். சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாக, அவள் அழுத்த அழுத்த. அவளும் மேயரம்மாவும் தேவாலயத்தில் ஒன்றாகப் பாடுகிறவர்கள், அதனால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. "ஆமா, எங்க வீட்டுலதான். இல்ல, நான் இல்ல. அவர்தான். பின்வாசல் வழியா." அவ்வளவுதான் சொன்னாள்.

டுஷெக் காபியைக் குடித்து முடித்து எழுந்தான். நான் பின்கதவைத் திறந்தேன். "வேண்டாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக, நிமிர்ந்து, தெருவே பார்க்கப் போனான். கம்பளம் பாதியிலேயே கிடந்தது.

டிசம்பர் கூட்டம் வந்தது. முந்தின நாள் மதுக்கடையில், மன்றத்தில் என்னைத் தவிர்த்த ஆண்கள் ஆறு பேரும் கை தூக்குவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருத்தர் இடுப்பு வலியோடு வந்திருந்தார், ஒருத்தர் கையில் ஆவி பட்ட கொப்புளம். இவ்வளவு உறுதியான கூட்டணியை எங்கள் மன்றம் கண்டதில்லை.

கூட்டத்துக்குப் போனால் பார்வையாளர் வரிசையில் நாற்காலி போதவில்லை. அந்த ஆறு பேரின் மனைவிமாரும் வந்திருந்தார்கள். பின்னல் ஊசிகளோடு.

மேயரம்மா முதலில் ஓர் எச்சரிக்கையை வாசித்தார். வாசல் விற்பனைத் தடையை மீறிய முதல் குடிமகன் என்று மன்ற உறுப்பினர் அலோய்ஸ் மகோவெட்ஸின் பெயரைச் சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் யாரென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

எழுந்து நின்றேன். என் வீட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்வது என் பிறப்புரிமை என்றேன். ஒரு பலகையை மாட்டி அந்த உரிமையைப் பறிக்க எவனுக்கு அதிகாரம் என்று கேட்டேன். பலகையை மாட்டியவன் நான்தான் என்பதை யாரும் நினைவுபடுத்தாததற்கு நன்றியுள்ளவனாக இருந்தேன்.

"ரத்து பண்றதை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் மேயரம்மா.

தூக்கினேன். சுற்றிலும் பார்த்தேன். ரோஸ்டாவின் கை மெல்ல எழுந்தது. பின்வரிசையில் ஒரு பின்னல் ஊசி நின்றது. ரோஸ்டாவின் கை காதுவரைக்கும் வந்து, காதைச் சொறிந்துவிட்டு இறங்கிப்போனது. மற்ற ஐந்து பேரும் மேஜையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு" என்றார் மேயரம்மா.

அப்போது ஹெட்விகா எழுந்தாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா? இது நல்ல சட்டம். ரத்து பண்ண வேண்டாம். எங்க வீட்டுக்கு வர்ற திரு. டுஷெக் நல்லவர்தான். ஆனா ஒரு கம்பளத்துக்கு ரெண்டு மணி நேரம் பேசுவார். நானும் உக்காந்து கேக்கணும், ஆச்சரியப்படணும். அதுவும் ஒரு வேலை. இப்ப என் புருஷன் பண்றார். பேசாம பண்றார். எனக்கு ஆச்சரியப்பட வேண்டியதே இல்ல. ரொம்ப நிம்மதியா இருக்கு."

பின்வரிசை முழுக்கத் தலையாட்டியது.

"ஒரே ஒரு திருத்தம் போதும். வீட்டு அம்மா கூப்பிட்டா மட்டும் விக்கிறவங்க வரலாம்னு போட்டுடுங்க."

நான் மறுபடி எழுந்தேன். "வீட்டு ஐயா கூப்பிட்டான்னு போடக் கூடாதா?"

மேயரம்மா தன் முன்னால் இருந்த எச்சரிக்கைத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க விஷயத்துல வேண்டாம்னு தோணுது, திரு. மகோவெட்ஸ்."

திருத்தம் எட்டுக் கைகளால் நிறைவேறியது. ரோஸ்டா இரண்டு கையையும் தூக்கினான். ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பனி பெய்துகொண்டிருந்தது. ஹெட்விகா என் கையைக் கோத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து நாளாகிவிட்டது. கோபமாகவே இருப்போம் என்று நினைத்தேன், முடியவில்லை.

"நல்லாப் பேசினே லோய்ஸா."

"யாருமே கை தூக்கல."

"அதுக்கென்ன. குரல் கணீர்னு இருந்துது."

கிறிஸ்துமஸுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வாசல் மணி அடித்தது. டுஷெக். முன்வாசலில், நிமிர்ந்து, மெஷினோடு.

"அம்மா கூப்பிட்டாங்க" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சட்டப்பூர்வமான பெருமை.

எனக்கு உள்ளே விளக்கேற்றியது போல இருந்தது. என்ன இருந்தாலும் ஹெட்விகா நல்லவள். பண்டிகை சமயத்தில் என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள். மீதிக் கம்பளத்தை இவன் முடித்துவிடுவான். நான் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்து காலை நீட்டினேன்.

டுஷெக் வழக்கம்போல அவள் காலடியில் மண்டியிடப் போனான்.

"இன்னிக்கு எனக்குக் காட்ட வேண்டாம்" என்றாள் ஹெட்விகா. "அவருக்குக் காட்டுங்க. அவர்தான் பண்ணப் போறார்."

"அப்ப நீங்க வாங்கறீங்களா அம்மா?"

"வாங்கறேன். பிரம்பால அடிச்சு அடிச்சு அவருக்குத் தோள் வீங்கிப்போச்சு. பாவமா இருக்கு."

டுஷெக் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனைத் தேற்ற அவள் இரண்டாவது காபி கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு என்னை எழுப்பி, குழாயை என் கையில் கொடுத்து, எப்படி மாட்டுவது, எப்படி இழுப்பது, வயிற்றைத் திறந்து எப்படிக் கொட்டுவது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். நான் மண்டியிட்டுக் கற்றுக்கொண்டேன். முழங்கால் வலி என்று சொல்லும் வயது போய்விட்டது. பழுப்பு நாடு என் கையாலேயே அங்குலம் அங்குலமாக அழிந்தது.

சோபாவில் ஹெட்விகா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேங்க அம்மா" என்றான் டுஷெக். "வீட்டுக்கு வந்து வித்த சாமான் பிடிக்கலைன்னா, ரெண்டு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம். காரணமே சொல்ல வேண்டாம். அது உங்க உரிமை."

ஹெட்விகா பேனாவை மூடினாள். மெஷினைப் பார்த்தாள். அப்புறம் தரையில் மண்டியிட்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"மெஷின் இருக்கட்டும். இவருக்கு அந்த மாதிரி ஏதாவது உண்டா?"

டுஷெக் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். விற்பனைக்காரன், ஆனால் நேர்மையானவன்.

"உபயோகிச்ச சாமானைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க அம்மா."